குளத்துக் கல்

மார்கழி வாடைக்கு
என் காணி அரைச் சாண் அரைச் சாணாகக்
குளத்துக்குள் போகிறது.
போன வருசம் கொய்யா.
இந்த வருசம் மலசலகூடத்துப் பின்சுவரில்
விரல் நுழையும் வெடிப்பு.

சுவர் கட்டவேணும்.
கல்லுக்கும் சீமெந்துக்கும் சீட்டுக்காசு இருக்கிறது.
இல்லாதது கடதாசி.

கிராம அலுவலர் பிரதேச செயலகத்துக்கு அனுப்பினார்.
அங்கே, குளமென்றால் கமநலம் என்றார்கள்.
கமநலத்தில், விளாமோட்டை பெரிய குளம்,
அது நீர்ப்பாசனம் என்றார்கள்.
நீர்ப்பாசனத்தில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
"சுற்றாடல் ஆக்களிட்டையும்
ஒரு கடிதம் எடுங்கோ" என்றார்.
ஒன்பதரை பஸ்ஸை விட்டால் இரண்டு மணிக்குத்தான் அடுத்தது.
மாங்குளம் சந்தியில் குந்தியிருந்து
பணிஸ் சாப்பிட்ட நேரத்தில்
குளம் ஒருவரிடமும் ஒப்பம் வாங்காமல்
இன்னொரு விரற்கடை வந்திருக்கும்.

படிவத்தில் பதினோராவது கேள்வி:
உத்தேச கட்டுமானத்தால் பாதிப்புறக்கூடிய அயலவர் எவரும் உளரா?
இல்லை என்று எழுதினேன்.
பேனை கொஞ்சம் அழுந்திவிட்டது.

தவராசசிங்கம் கேட்காமலே கட்டினவர்.
கனடாவில் மகன், இரண்டு கிழமை வேலை,
எட்டடிக் கொங்கிறீட், அதன் தலையில் ஒரு விளக்கு.
அதற்குப் பிறகுதான்
அவருடைய சுவரில் முட்டிய அலை
திரும்பி என் பக்கம் வரத் தொடங்கியது.
ஐந்து வருசமாக நாங்கள் கதைப்பதில்லை.
என் மற்றப் பக்கத்தில் கிருபைமலர்,
இரண்டு ஆடு, தகரக் கூடு,
என்னுடையதைவிடப் பதிந்த கரை.

தை பிறந்து எட்டாம் நாள் வதனரூபி வந்தாள்,
தொழில்நுட்ப உத்தியோகத்தர்.
ஸ்கூட்டியில் மட்டக்கோலைக் கட்டியிருந்தாள்,
சேறு முழங்கால் வரை.
"அக்கா, அலைகரை ஒதுக்குக் கல் எங்கை?"

மீளக் குடியேறி வந்தபோது
மிதிவெடி எடுத்தவர்கள் நட்ட சிவப்புக் கட்டைகள் நின்றன.
அவற்றைத் தாண்டக் கூடாது என்றார்கள், தாண்டவில்லை.
வேறு கல்லைத் தேடிப் பார்க்க
ஒருவரும் சொல்லவில்லை.

அவள் எருக்கலைக்குள் தேடினாள்.
கோரைக்குள் கோலால் குத்திப் பார்த்தாள்.
பிறகு கைகழுவ வந்தவள்
நான் உடுப்புத் தோய்க்கிற கல்லருகே குந்தினாள்.
ஒரு விளிம்பைப் பிடித்துப் புரட்டினாள்.
அடியில், சவர்க்காரக் கசட்டுக்குள்
ஓர் அம்புக்குறி, நாற்பத்தொன்று.

"இதை எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

பதின்மூன்று வருசமாக அதில் தோய்க்கிறேன்.
மகளின் வெள்ளைச் சட்டை, என் சேலைகள்,
மாலையில் அவர் கழற்றும் சாரம்.
எங்கேயென்றும் சொல்லியிருக்கலாம்.
குளத்தடியில் என்றிருக்கலாம்.
"குசினி மூலைக்கை," என்றேன்.
அவள் நிமிர்ந்து பார்க்காமல் எழுதினாள்.
தேத்தண்ணி வேண்டாமென்றாள், பிறகு குடித்தாள்.

கடிதம் பங்குனியில் வந்தது, சிங்களத்தில்.
போட்டோக்கொப்பிக் கடைப் பெடியன்
ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கினான்:
நிரந்தரச் சுவருக்கு அனுமதி இல்லை.
மருதங்கன்று வைக்கலாம், வெட்டிவேர் வைக்கலாம்.
இருக்கும் கட்டடம் பற்றிப் பின்னர் அறியத்தரப்படும்.
அகற்றிய கல்லை அகற்றிய இடத்தில் வைக்கவும்.
"அவ்வளவுதான் அன்ரி. இருபது ரூபா."

அப்போது குளம் வற்றித் தூரப் போயிருந்தது.
வெடித்த சேற்றில் மாடுகள் மேய்ந்தன.
கன்றுக்குக் கிடங்கு வெட்டிவிட்டு
கல்லை நானே உருட்டினேன்,
நாலு தரம் இருந்து, ஐந்தாம் தரம் போய்ச் சேர்ந்தது.
தவராசசிங்கம் தன் சுவரில் நின்று பார்த்தார்.
இந்தக் கல்லிலிருந்து நேரே கயிறு பிடித்தால்
அது அவருடைய விறாந்தையை வெட்டிப் போகும்.
கொஞ்ச நேரம் நின்றார். விளக்கைப் போடாமல் உள்ளே போனார்.

என் கட்டில் கல்லுக்கு இந்தப் பக்கம்,
அடுப்பு அந்தப் பக்கம்.
அன்றிரவு அரிசியைக் களைந்து
குளத்துக்குள் இருந்துதான் உலை வைத்தேன்.